ஜெர்மானியரின் பழந்தொழிற் பெயர்கள்

இருக்கு வேதத்தைச் சாயனருடைய உரையுடன் 1849 முதல் 1874 வரை ஆறு பெருந்தொகுதிகளாகப் பதிப்பித்து வெளியிட்ட மாக்ஸ் முல்லர் என்னும் அறிஞரின் பெயரை மாணவர்கள் நன்கு அறிவார்கள். சென்னையில் ஜெர்மானிய மொழி பயில விரும்புவோர் அவர் பெயர் தாங்கிய நிலையத்துக்கே செல்கின்றனர். அவர் 1823ஆம் ஆண்டில் ஜெர்மனியில் டெஸ்ஸௌ என்னும் ஊரில் பிறந்தார். 'முல்லர்' என்னும் சொல்லுக்கு மாவரைக்கும் ஆலையை நடத்துபவர் என்பது பொருள். இதனை அகராதியிற் கண்ட மாணவர் ஒருவர், மாக்ஸ் முல்லரின் முன்னோர் ஆலை நடத்தி வாழ்ந்தனர் என்று எழுதிவிடக்கூடும். உண்மை அவ்வாறில்லை. அவருடைய தந்தையார் வில்ஹெல்ம் முல்லர், ஆசிரியராகவும் நூலகராகவும் பணியாற்றிய கவிஞர். பாட்டனாரோ தையற்காரர். பெயரில் ஆலை இருந்தது. வீட்டில் இருந்தவை ஊசியும் நூலும்.

ஒரு குடும்பத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலிற் சந்திக்கும் இடர் இதுவே. ஆதலின் ஜெர்மானியரின் பழைய பதிவேடுகளிற் காணப்படும் தொழில்களின் பெயர்களை எவ்வாறு பொருள் கொள்வது என்பதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். தமிழ் இலக்கணம் பயின்ற மாணவர்கள் 'தொழிற்பெயர்' என்றவுடன் 'நடத்தல்', 'உண்ணல்' முதலியவற்றை நினைப்பார்கள். இங்கே அச்சொல் கொல்லர், குயவர், தச்சர் என்பன போலத் தொழிலால் வந்த பெயரைக் குறிக்கிறது. ஒரே சொல் இடத்திற்கேற்ப வேறு பொருள் தரும் என்பதற்கு நம் தலைப்பே ஒரு சான்றாக அமைந்துவிட்டது. இந்த ஒன்றை மறவாதிருந்தால், இன்று நான் சொல்லவிருப்பதில் பாதியை அறிந்தவர்கள் ஆவீர்கள்.

முதலில், இப்பெயர்கள் எங்கே காணக் கிடைக்கின்றன என்று பார்ப்போம். ஜெர்மன் பேரரசு முழுமைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசாங்கமே பதிவு செய்யும் முறை 1876ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெரும்பாலான இடங்களில் அவற்றை எழுதி வைத்தவர்கள் ஊர்க் கோயிலின் குருமார்களே. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்து வைத்தல் வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1563ஆம் ஆண்டில் டிரெண்ட் நகரப் பேரவையில் விதித்தது. சீர்திருத்தத் திருச்சபையினரும் அந்நூற்றாண்டிலேயே இவ்வழக்கத்தை மேற்கொண்டனர். குழந்தையின் பெயரை எழுதுங்கால், தந்தையின் பெயரையும் அவர் தொழிலையும் சேர்த்து எழுதுதல் பல ஊர்களில் மரபாயிற்று. கடல் கடந்து அமெரிக்கா சென்றவர்களின் தொழிலோ துறைமுகப் பட்டியல்களில் இடம்பெற்றது. ஹாம்பர்க் துறைமுகத்தில் 1850 முதல் 1934 வரை எழுதப்பட்ட பட்டியல்கள் பெரும்பாலும் அழியாமல் இருக்கின்றன. தம் பாட்டனாரின் பாட்டனார் யார் எனத் தேடும் அமெரிக்கர் பலருக்கு அவற்றிலுள்ள ஒரு தொழிற்சொல்லே முதல் துணையாகிறது.

அத்தகைய சொல் ஒன்று கையிற் கிடைத்தவுடன், நாம் அதனிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். இது பெயரா, தொழிலா? இது எந்த நாட்டுப் பகுதியின் வழக்கு? இது எந்தக் காலத்து வழக்கு? இது எந்தப் படிநிலையைக் குறிக்கிறது? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் கேள்வி, பெயரா தொழிலா என்பது. இன்று ஜெர்மனியில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களை வரிசைப்படுத்தினால் முல்லர், ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர் என்பன முன்னிற்கின்றன. மாவாலைக்காரர், கொல்லர், தையற்காரர், மீன் பிடிப்பவர், நெசவாளர் என்பன அவற்றின் பொருள்கள். இடைக்காலத்தில் நகரங்கள் பெருகி, ஒரே தெருவில் ஹான்ஸ் என்னும் பெயருடையார் பலர் வாழ நேர்ந்தபோது, 'கொல்லர் ஹான்ஸ்', 'நெசவாளர் ஹான்ஸ்' என்று வேறுபடுத்தி அழைத்தனர். நாளடைவில் அந்த அடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் உரிய குடும்பப் பெயராக உறைந்து நின்றுவிட்டது. தொழில் மாறிய பின்னரும் பெயர் மாறவில்லை. ஆதலின் பெயரிலுள்ள தொழில், அக்குடும்பத்தின் தொலைதூர முன்னோர் ஒருவரைச் சுட்டலாமேயன்றி, பதிவேட்டில் உள்ள மனிதரைப் பற்றி ஒன்றும் கூறாது. பதிவேட்டில் பெயருக்குப் பின் தனியே எழுதப்பட்டுள்ள சொல்லே அவருடைய தொழிலாகும்.

பெண்களின் பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய ஏடுகளில் பெண்ணின் குடும்பப் பெயரோடு 'இன்' என்னும் பெண்பால் விகுதியைச் சேர்த்து எழுதினர். 'ஆன்னா ஷ்னைடரின்' என்று கண்டால், அவர் துணி தைத்துப் பிழைத்த பெண் என்று கருதிவிடலாகாது. ஷ்னைடர் குடும்பத்தைச் சேர்ந்த ஆன்னா என்பதே அதன் பொருள். அவருடைய தந்தை உழவராகவும் இருந்திருக்கலாம்.

இலத்தீன் மொழி விளைக்கும் மயக்கம் இன்னொன்று. கத்தோலிக்கக் குருமார் பலர் தம் ஏடுகளை இலத்தீனிலேயே எழுதினர். அங்கே உழவர் 'அக்ரிகோலா' ஆவார். மாவாலைக்காரர் 'மோலிட்டர்' ஆவார். ரொட்டி சுடுபவர் 'பிஸ்டர்' ஆவார். நெசவாளர் 'டெக்ஸ்டர்' ஆவார். இவை தொழில்களே. ஆயின் 15, 16ஆம் நூற்றாண்டுகளிற் கற்றோர் தம் குடும்பப் பெயரையே இலத்தீனாக்கிக்கொள்ளும் வழக்கமும் பரவியிருந்தது. சுரங்கத் தொழிலைப் பற்றிய பெருநூலை எழுதிய கியோர்கியுஸ் அக்ரிகோலா சாக்சனி நாட்டில் 1494ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவருடைய இயற்பெயர் கியோர்க் பௌவர். 'பௌவர்' என்றால் உழவர். உலகப் படம் வரைந்த மெர்க்கேட்டரும் பிளாண்டர்ஸ் நாட்டில் வணிகர் என்று பொருள்படும் கிரேமர் என்னும் பெயருடன் பிறந்தவரே. ஆதலின் இலத்தீன் சொல்லைக் கண்டவுடன், குருவானவர் தொழிலை மொழிபெயர்த்தாரா, குடும்பம் தன் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டதா என்று ஆராய்தல் வேண்டும்.

இரண்டாம் கேள்வி, எந்த நாட்டுப் பகுதி என்பது. 1871ஆம் ஆண்டு வரை ஜெர்மனி என்னும் ஒரே அரசு இல்லை. மன்னர்களும் கோமகன்களும் ஆயர்களும் தன்னுரிமை நகரங்களும் தனித்தனியே ஆண்ட நூற்றுக்கணக்கான நிலப்பகுதிகளாகவே அது நெடுங்காலம் பிரிந்து கிடந்தது. தொழிலை ஒழுங்கு செய்த கைவினைஞர் குழுக்களும் ஊர்தோறும் தனித்தனியே இயங்கின. ஆகவே ஒரே தொழிலுக்குப் பல பெயர்கள் வழங்கின. இறைச்சி வெட்டி விற்பவர் தெற்கே 'மெட்ஸ்கர்', கிழக்கே 'ஃபிளைஷர்', வடக்கே 'ஷ்லாக்டர்'. வடபகுதி நகரங்கள் சிலவற்றில் 'க்னோகன்ஹௌவர்', அதாவது எலும்பு வெட்டுபவர், என்றும் அழைக்கப்பட்டார். பீப்பாய் செய்பவர் வடக்கிலும் கிழக்கிலும் 'பொட்சர்', தென்மேற்கில் 'கியூஃபர்', பிராங்கோனியாவில் 'பியூட்னர்', பவேரியாவில் 'ஷெஃப்லர்'. மேசை நாற்காலி செய்யும் தச்சர் வடக்கே 'டிஷ்லர்', தெற்கே 'ஷ்ரைனர்'. வண்டிச் சக்கரம் செய்பவரோ தெற்கே 'வாக்னர்', கிழக்கே 'ஷ்டெல்மாகர்', வடமேற்கே 'ராடமாகர்'.

இவ்வேறுபாடு ஆராய்ச்சியாளருக்குத் தொல்லை தருவது போலவே துணையும் செய்கிறது. தெற்கிலுள்ள ஓர் ஊரின் ஏட்டில், எல்லாரும் 'வாக்னர்' என்று எழுதப்பட்டிருக்க, ஒரு குடும்பத்திற்கு மட்டும் 'ஷ்டெல்மாகர்' என்னும் பெயர் அமைந்திருந்தால், அக்குடும்பம் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்திருக்கலாம் என்னும் ஐயம் எழுகிறது. ஐயம் என்றுதான் சொல்கிறேன். அதனை முடிவாகக் கொள்ளலாகாது. அந்த ஐயத்தைப் பற்றிக்கொண்டு வேறு சான்று தேடுதல் வேண்டும்.

மூன்றாம் கேள்வி, எந்தக் காலம் என்பது. அறியாத சொல்லைக் காட்டிலும், அறிந்தது போலத் தோன்றும் சொல்லே நம்மை மிகுதியும் ஏமாற்றும். 'சொல்ட்னர்' என்னும் சொல்லுக்கு இன்றைய ஜெர்மானிய மொழியிற் கூலிக்குப் போர் செய்யும் வீரர் என்று பொருள். பவேரியாவிலும் சுவாபியாவிலும் உள்ள பழைய ஏடுகளில் அது 'சொல்டே' எனப்படும் சிறு வீட்டையும் துண்டு நிலத்தையும் உடைய ஏழைக் குடியானவரைக் குறித்தது. வாளேந்திய வீரரென்று பேரன் பெருமை கொள்ளும் முன்னோர், உண்மையில் மண்வெட்டி ஏந்தியவராக இருப்பார். அவ்வாறே சைலீசியாவின் 'கெர்ட்னர்' என்பவர் பூந்தோட்டக்காரர் அல்லர். சிறு நிலமுடைய குடியானவரே. 'காமர்யேகர்' என்றால் இன்று வீடுகளில் எலியையும் பூச்சியையும் ஒழிப்பவர். முன்னாளில் அரசருடைய அரண்மனையைச் சார்ந்த வேட்டைக்காரர்.

இசை மேதை யோஹான் செபாஸ்டியன் பாக் என்பாரின் குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் 1735ஆம் ஆண்டில் தம் குடும்பத்தாரின் வரலாற்றைத் தொகுத்தபோது, குடும்பத்தின் முதல்வராகிய ஃபைட் பாக்கை 'வைஸ்பெக்கர்' என்று குறித்தார். வெள்ளை ரொட்டி சுடுபவர் என்பது அதன் பொருள். கோதுமை மாவினால் வெள்ளை ரொட்டி சுடுவோரும், கரிய மாவினால் ரொட்டி சுடுவோரும் சில நகரங்களில் வேறு வேறு குழுவினராகவே இருந்தனர். இனி, மேதையின் தந்தையார் யோஹான் ஆம்ப்ரோசியுஸ் பாக் 1671ஆம் ஆண்டில் ஐசனாஹ் நகரில் 'ஹௌஸ்மன்' என்னும் பதவியை ஏற்றார். 'ஹௌஸ்' என்றால் வீடு. 'மன்' என்றால் ஆடவர். இன்று இச்சொல், மனைவி வேலைக்குச் செல்ல, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கணவரைக் குறிக்கும். அந்நகரத்தில் அந்நாளிலோ அது நகர இசைவாணர்களின் தலைவருக்குரிய பெயர். இன்றைய அகராதி ஒன்றையே நம்பினால், ஒரு நகரத்தின் இசைத் தலைவரை அடுப்படியில் அமர்த்திவிடுவோம்!

மருத்துவம் சார்ந்த சொற்களிலும் எச்சரிக்கை தேவை. 18ஆம் நூற்றாண்டில் ஒரு சிற்றூர் ஏட்டில் 'கிருர்குஸ்' என்று எழுதப்பட்டிருப்பின், பல்கலைக்கழகத்திற் பயின்ற அறுவை மருத்துவரை எண்ணிவிடக்கூடாது. முடி மழித்தல், குருதி வாங்குதல், எலும்பு முறிவைக் கட்டுதல், பல் பிடுங்குதல் ஆகியவற்றை ஓர் ஆசானிடம் கைப்பழக்கமாகக் கற்றவரே அவர். கைத்திறனில் அவர் குறைந்தவரல்லர். கற்ற வழிதான் வேறு.

நான்காம் கேள்வி, எந்தப் படிநிலை என்பது. கைவினைத் தொழிலில் மூன்று படிகள் இருந்தன. தொழில் கற்கும் சிறுவன் முதற்படி. கற்று முடித்துக் கூலிக்கு உழைக்கும் 'கெசெல்லெ' இரண்டாம் படி. சொந்தப் பட்டறை வைக்க உரிமை பெற்ற 'மைஸ்டர்' மூன்றாம் படி. இரண்டாம் படியிலிருந்தவர் ஊர் ஊராகச் சென்று சில ஆண்டுகள் தொழில் பயிலுதல் மரபு. ஓர் இளைஞரின் பிறப்பு ஓர் ஊரிலும் திருமணம் நூறு கல் தொலைவிலுள்ள இன்னோர் ஊரிலும் நிகழ்ந்திருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். உழவரிடையேயும் படிகள் பல இருந்தன. முழு நிலமுடைய குடியானவர் ஒரு படி. வெஸ்ட்ஃபாலியாவில் 'கொட்டர்' எனப்பட்ட சிறு நிலக்காரர் அடுத்த படி. நிலமின்றி வீடு மட்டுமே உடைய 'ஹொய்ஸ்லர்' அதனினும் கீழ்ப்படி. வீடும் இன்றி, பெருங்குடியானவரிடம் குடிசையைக் குத்தகைக்குப் பெற்று, அதற்கீடாக அவர் வயலில் உழைத்தவர் 'ஹொயர்லிங்'. இவர்கள் அனைவரையும் 'உழவர்' என்று ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிட்டால், ஒருவர் ஏன் ஊரை விட்டுக் கப்பல் ஏறினார் என்பது விளங்காமலே போய்விடும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தோருள் 'ஹொயர்லிங்' குடும்பத்தினர் பலர்.

இந்நான்கு கேள்விகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதற்கு ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதேயின் குடும்பம் ஏற்றது. 1749ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரிற் பிறந்த அவர் செல்வக் குடும்பத்தவர். ஆயின் அவருடைய தந்தைவழிக் கொள்ளுப்பாட்டனார் துரிங்கியா நாட்டில் ஆர்ட்டர்ன் என்னும் சிற்றூரிற் குதிரைக்கு லாடம் அடித்த கொல்லர். அவர் மகன் தையற்கலை கற்றுப் பிரான்சு நாட்டில் தொழில் புரிந்து, பின்னர்ப் பிராங்க்பர்ட்டில் தையற்காரராக நிலைபெற்றார். 1705ஆம் ஆண்டில் விடுதி ஒன்றின் உரிமையுடைய கைம்பெண்ணை மறுமணம் செய்துகொண்டு விடுதித் தலைவராகவும் செல்வராகவும் உயர்ந்தார். அவருடைய மகனே கவிஞரின் தந்தையார். அவர் சட்டம் பயின்றவர். 1742ஆம் ஆண்டிற் 'பேரரசரின் ஆலோசகர்' என்னும் பட்டத்தைப் பொருள் கொடுத்துப் பெற்றார். பட்டம் இருந்தது, அதற்குரிய பணி ஒன்றும் இல்லை. ஏட்டில் அப்பட்டத்தைக் காண்போர், அவர் நாள்தோறும் பேரரசருக்கு ஆலோசனை கூறினார் என்று எண்ணிவிடுவர்.

தாய்வழிப் பாட்டனாரின் பெயர் யோஹான் வோல்ஃப்காங் டெக்ஸ்டர். நெசவாளர் என்று பொருள்படும் அப்பெயர், முன்னோர் ஒருவர் 'வேபர்' என்னும் குடும்பப் பெயரை இலத்தீனாக்கியதால் வந்தது. பாட்டனார் தறியைத் தொட்டவரல்லர். அவர் 1747 முதல் பிராங்க்பர்ட் நகரின் 'ஷுல்ட்ஹைஸ்'. இச்சொல் ஒரு சிற்றூரில் வரி தண்டும் ஊர்த்தலைவரைக் குறிக்கும். பிராங்க்பர்ட் போன்ற தன்னுரிமை நகரத்திலோ, நகரத்தின் மிகவுயர்ந்த நீதிப் பதவியைக் குறித்தது. சொல் ஒன்றே, இடம் மாறியவுடன் நிலை மாறிவிட்டது. லாடம் அடித்தவர், தைத்துப் பின்னர் விடுதி நடத்தியவர், பட்டம் பெற்றவர் ஆகிய மூவர் வாழ்வும் நான்கு சொற்களில் அடங்கியுள்ளன. அச்சொற்களைச் செம்மையாகப் படித்தால், ஒரு குடும்பம் மூன்று தலைமுறைகளில் ஏறிய படிகள் நம் கண்முன் தோன்றும்.

ஒரு சொல்லைச் சற்றுப் பிழையாகப் பொருள் கொண்டால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்தில் அச்சொல் ஒருவருடைய சோற்றையும் மானத்தையும் முடிவு செய்தது என்பதே என் விடை. மெய்யியல் அறிஞர் இம்மானுவேல் காண்டின் தந்தையார் கோனிக்ஸ்பர்க் நகரில் 'ரீமர்' தொழில் செய்தவர். குதிரைகளுக்குரிய தோல் வார்களைச் செய்பவர். பல நூல்கள் அவரைச் சேணம் செய்தவர் என்று எழுதிவிடுகின்றன. சேணம் செய்வோர் 'சாட்லர்' என்னும் வேறு குழுவினர். எந்தப் பொருளை எந்தக் குழு செய்யலாம் என்பது பற்றி இவ்விரு குழுக்களுக்கும் இடையே வழக்கு மூண்டது. அதனால் தம் தந்தையார் பெரிதும் இடருற்றார் என்றும், எனினும் தம் பெற்றோர் எதிர்த்தரப்பினரைப் பற்றிப் பொறுமையோடும் அன்போடுமே பேசினர் என்றும் காண்ட் முதுமையில் நினைவுகூர்ந்தார். அவருடைய அறவுணர்வு அரும்பிய வீட்டைப் பற்றிய செய்தி இது. 'ரீமர்' வேறு, 'சாட்லர்' வேறு என்பதை அறியாதவருக்கு இச்செய்தியே விளங்காது.

இதனினும் துயரமான சொற்கள் சில உண்டு. ஜெர்மானிய நாடுகளில் 'மானமற்ற தொழில்கள்' என்று ஒதுக்கப்பட்டவை பல இருந்தன. கொலைத் தண்டனையை நிறைவேற்றுபவர், இறந்த விலங்குகளின் தோலை உரிப்பவர் ஆகியோர் அவற்றுள் கடைநிலையில் வைக்கப்பட்டனர். சில இடங்களில் லினன் நெசவாளரும் மேய்ப்பரும் மாவாலைக்காரரும்கூட அவ்வாறு ஒதுக்கப்பட்டனர். கைவினைஞர் குழுவிற் சேர விரும்பும் சிறுவன், தான் மானமுள்ள குடும்பத்திற் பிறந்தவன் என்பதற்குப் பிறப்புச் சான்று காட்ட வேண்டும். தந்தையின் தொழில் தகாதது எனின், மகனுக்குக் கதவு அடைக்கப்பட்டது. லினன் நெசவாளர், மேய்ப்பர், மாவாலைக்காரர் முதலியோரின் பிள்ளைகளை விலக்கலாகாது என்று 1548ஆம் ஆண்டின் பேரரசுச் சட்டம் கூறியது. 1731ஆம் ஆண்டின் சட்டம் ஏறக்குறைய எல்லாத் தொழில்களுக்கும் அவ்வுரிமையை விரித்தது. தோலுரிப்பவரின் குடும்பத்தாருக்கு மட்டும் இரண்டாம் தலைமுறை வரை அதனை மறுத்தது. ஒரே சட்டத்தை மீண்டும் மீண்டும் இயற்ற நேர்ந்ததிலிருந்தே, அது எவ்வளவு மீறப்பட்டது என்பதை ஊகிக்கலாம்.

நூரெம்பர்க் நகரில் 1578 முதல் 1617 வரை கொலைத் தண்டனைகளை நிறைவேற்றி வந்தவர் ஃபிரான்ட்ஸ் ஷ்மிட் என்பவர். 'ஷ்மிட்' என்றால் கொல்லர் என்பதை முன்னரே கண்டோம். அவருடைய தந்தையார் இத்தொழிலுக்குப் பிறந்தவரல்லர். சிற்றரசர் ஒருவரின் கட்டாயத்தால் அதில் தள்ளப்பட்டவர். அந்த ஒரு நாளின் கட்டாயம் மகனையும் பற்றிக்கொண்டது. மகன் தம் பணியைக் குறித்து நாட்குறிப்பு எழுதினார்; நோயாளிகளுக்கு மருத்துவமும் செய்தார். 1624ஆம் ஆண்டில், முதுமையெய்திய பின்னர், தம் குடும்பத்தின் மானத்தை மீட்டுத்தருமாறு பேரரசர் இரண்டாம் பெர்டினாண்டுக்கு விண்ணப்பித்தார். பேரரசர் அதனை ஏற்று ஆணை வழங்கினார். ஒரு தொழிற்சொல்லின் சுமையைத் தம் பிள்ளைகளின் தோளிலிருந்து இறக்கிவைக்க ஒரு மனிதர் ஆயுள் முழுவதும் முயன்றார் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இத்தகைய குடும்பங்கள் பிறரால் விலக்கப்பட்டமையால் தமக்குள்ளேயே மணவுறவு கொண்டன. ஆகவே குடும்ப மரத்தில் ஒரு தண்டனையாளரின் பெயர் கிடைத்தால், பல ஊர்களில் அதே தொழிலினரின் பெயர்கள் தொடர்ந்து கிடைக்கும். அதனைக் கண்டு கூசுவதற்கு ஒன்றுமில்லை. ஒதுக்கியவர் செயலே கூசத்தக்கது.

அண்மைக் காலத்திலும் இவ்வேடுகள் தீய நோக்கத்துக்குப் பயன்பட்டதுண்டு. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், இட்லரின் அரசு ஒரு சட்டம் இயற்றி, யூத முன்னோரை உடையவர்களை அரசுப் பணியினின்றும் நீக்கத் தொடங்கியது. 1935ஆம் ஆண்டின் நூரெம்பர்க் சட்டங்கள் அக்கொடுமையை மேலும் விரித்தன. தம் பாட்டன் பாட்டியர் யார் என்பதை மெய்ப்பிக்க மக்கள் கோயிற் பதிவேடுகளின் படிகளைத் தேடி ஓடினர். பிறப்பின் தூய்மையைக் காட்டுவதற்கு அன்று புரட்டப்பட்ட அதே ஏடுகள், அமைதியாகப் படிப்போருக்கு வேறொன்றையே காட்டுகின்றன. ஊர் மாறியவர், தொழில் மாறியவர், பெயரையே மாற்றிக்கொண்டவர், உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று கலந்து வாழ்ந்த மக்களின் வரலாறே அவற்றில் உள்ளது.

இனி, இத்துறையில் ஈடுபட விரும்பும் மாணவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஏட்டிலுள்ள சொல்லை எழுத்துக்கு எழுத்து அப்படியே முதலில் எழுதிக்கொள்ளுங்கள், உடனே மொழிபெயர்க்காதீர்கள். அவ்வேடுகள் 'குர்ரென்ட்' என்னும் சாய்ந்த பழைய கையெழுத்தில் எழுதப்பட்டவை. 1941ஆம் ஆண்டில் பள்ளிகளில் அவ்வெழுத்து வகை கைவிடப்பட்டமையால், இன்றைய ஜெர்மானியரும் அதனைத் தனியே கற்றே படிக்கின்றனர். அதில் 'எ' என்னும் எழுத்தும் 'ன்' என்னும் எழுத்தும் ஒன்று போலத் தோன்றும். ஆதலின் அதே கையால் அதே பக்கத்தில் எழுதப்பட்ட தெளிவான சொற்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஒரே பதிவை வைத்து முடிவு கூறாதீர்கள். ஒருவர் தம் முதற் குழந்தையின் ஞானஸ்நானத்தில் 'லினன் நெசவாளர்' என்றும், நான்காம் குழந்தையின்போது 'கூலியாள்' என்றும், இறப்புப் பதிவில் 'வீடு மட்டும் உடையவர்' என்றும் எழுதப்பட்டிருக்கலாம். அவர்கள் மூன்று பேர் என்று கருதுதல் எளிது. ஆனால் குளிர்காலத்தில் தறியில் நெய்து, கோடையில் பிறர் வயலில் உழைத்து, ஒரு சிறு வீட்டை மட்டும் விட்டுச்சென்ற ஒரே மனிதராகவும் அவர் இருக்கலாம். மனைவியின் பெயர், ஞானப் பெற்றோரின் பெயர், வீட்டின் இருப்பிடம் ஆகியவற்றைக் கொண்டு இதனைத் தெளியலாம்.

பொருள் காண்பதற்கு அந்தந்தக் காலத்து நூல்களையே நாடுங்கள். கிரிம் சகோதரர்கள் தொடங்கிய பேரகராதியின் முதல் தொகுதி 1854ஆம் ஆண்டில் வெளிவந்தது. நூறாண்டுக்கு மேல் பலர் உழைத்து முடித்த அந்நூலில் சொற்களின் பழைய பொருள்கள் சான்றுகளுடன் உள்ளன. குரூனிட்ஸ் என்பவர் 1773ஆம் ஆண்டில் தொடங்கி, அவருக்குப் பின் வந்தோர் 1858ஆம் ஆண்டில் முடித்த 242 தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம், கைத்தொழில்களின் கருவிகளையும் செய்முறைகளையும் விரித்துரைக்கிறது. 1568ஆம் ஆண்டிற் யோஸ்ட் அம்மன் வரைந்த படங்களோடு வெளியான தொழில்களின் நூலில் 114 மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. அவற்றுக்குப் பாடல் எழுதியவர் ஹான்ஸ் சாக்ஸ்; அவர் நூரெம்பர்க் நகரத்துச் செருப்புத் தைக்கும் தொழிலாளர். பட்டறையும் கருவியும் தொழிலாளியும் எவ்வாறு இருந்தனர் என்பதைக் கண்ணாற் காண அந்நூல் உதவும். இந்நூல்களையும் கோயிற் பதிவேடுகள் பலவற்றையும் இன்று இணையத்தின் வாயிலாக வீட்டிலிருந்தே படிக்கலாம்.

மாணவர்களே, பழைய ஏட்டிலுள்ள ஒரு தொழிற்சொல், எழுதுகோலேந்திய குருவானவர் ஒருவர், 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்று கேட்டதற்கு ஒரு மனிதர் தந்த மறுமொழியாகும். எழுத்தறியாத எத்தனையோ பேருக்கு, தம்மைப் பற்றி அவர்கள் உலகத்தில் விட்டுச்சென்ற ஒரே வாக்குமூலம் அதுதான். அதனைப் பெருமைக்காக உயர்த்தியும் படிக்கலாகாது. வெட்கத்துக்காக மறைத்தும் படிக்கலாகாது. எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த நிலையில் நின்று அவர் அதனைச் சொன்னார் என்று அறிந்து, அவர் கருதிய பொருளிலேயே அதனைக் கொள்ளுதல் நம் கடமை. இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய நீதி அவ்வளவே.